செத்தவருக்கு முழுப் பேர்

“செத்தவளுக்கு முழுப் பேரு, உசிரோட நிக்கிறவளுக்கு அரைப் பேரா? அப்ப நானும் ஒரு எட்டு செத்துட்டு வாறேன், எனக்கும் முழுசாவே போடுங்க.”

நாகலெட்சுமி இதைச் சொன்னபோது கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் அறுபது பெண்கள் வரிசையில் நின்றார்கள். தராசின் கொக்கியில் அவளுடைய சாக்கு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. கணக்கப்பிள்ளை பொன்னையா பேனாவைக் காதில் செருகிக்கொண்டு, “வாய மூடுறியா லெட்சுமி” என்றார். அவள் மூடவில்லை. மூடத் தெரிந்தவளாக இருந்திருந்தால் அவள் பட்ட பாட்டில் பாதி வந்தே இருக்காது.

அது தொண்ணூற்று நாலாம் வருஷம். இலங்கையில் மஸ்கெலியாப் பக்கம் மொட்டைப்பாறைத் தேயிலைத் தோட்டம், கீழ்ப்பிரிவு. அங்கே ஒரு நாள் வேலையைப் பேர் என்பார்கள். பதினாறு கிலோ கொழுந்து எடுத்தால் சம்பளப் பேரேடான செக்றோலில் முழுப் பேர் விழும். ஒரு கிலோ குறைந்தாலும் அரைப் பேர்தான். தராசு ஒன்று, அதைப் பார்க்கிற கண் ஒன்று, எழுதுகிற கை ஒன்று. கண்ணும் கையும் கணக்கப்பிள்ளையுடையவை. அன்றைக்கு நாகலெட்சுமியின் சாக்கு பதினெட்டைக் காட்டியது. கொழுந்து நனைந்து கிடக்கிறது என்று மூன்று கிலோவைக் கழித்து, பதினைந்து என்று எழுதி, அரைப் பேர் போட்டார் பொன்னையா.

அவளுக்கு எழுத்துத் தெரியாது. பின்னால் நின்ற, பள்ளிக்கூடம் போய் வந்த ஒரு பெண் எட்டிப் பார்த்துவிட்டுக் காதில் சொன்னாள்: அதே பக்கத்தில் அம்மாக்கண்ணுவுக்கு முழுப் பேர் விழுந்திருக்கிறது. அம்மாக்கண்ணுவைப் புதைத்து இருபது நாள் ஆகியிருந்தது. செத்தவள் தினமும் பதினாறு கிலோ எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் பேரில் வந்த சம்பளம் கணக்கப்பிள்ளையின் பையில் விழுந்துகொண்டிருந்தது.

பேச்சு தோட்டத்துத் துரை காதுக்குப் போயிற்று. மூன்றாம் நாள் பொலிஸ் ஜீப் வந்து பொன்னையாவை ஏற்றிக்கொண்டு போனது. இரண்டு நாள் கழித்து அவர் திரும்பி வந்தார், லயத்து வரிசை வீடுகளின் சுவரைப் பிடித்துப் பிடித்து, ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து. வேலை போயிற்று. சாமான்களைக் கட்டிக்கொண்டு கினிகத்தேனைப் பக்கம் போய்விட்டார். “நல்லா வேணும்” என்று எல்லாரும் சொன்னார்கள். நாகலெட்சுமியும் சத்தமாகத்தான் சொன்னாள். ஆனால் அன்றைக்குப் பிசைந்த சோற்றை நாய்க்கு வைத்தாள். சுவரைப் பிடித்த அந்தக் கை கண்ணுக்குள்ளேயே நின்றது. செத்தவர் பேரை எழுதினால் ஜீப் வரும், கூட்டிப் போகும், போன ஆள் திரும்பி வரமாட்டார், வேறு ஒரு ஆள்தான் வருவார். இதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பார்த்ததைக் கொண்டு அவளே முடிவு கட்டிக்கொண்டாள்.

அவள் புருஷன் அழகுமுத்து அதற்கு முந்திய வருஷமே போய்ச் சேர்ந்திருந்தார். கவ்வாத்து வெட்டுகிற ஆள். தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டித் தள்ளுகிற வேலை அது. நெஞ்சுச் சளி பிடித்த பிறகு அவரால் குறித்த செடிகளை வெட்டி முடிக்க முடியவில்லை. கடைசி இரண்டு வருஷமும் அரைப் பேர், அரைப் பேர் என்றுதான் விழுந்தது. கலியாணமாகிப் பதினொரு வருஷம் கழித்துப் பிறந்த ஒற்றைப் பிள்ளை ரஜனி. அப்பன் சாகும்போது அவளுக்கு எட்டு வயது.

பிள்ளையைப் படிக்க வைத்தாள் நாகலெட்சுமி. எப்படி என்று கேட்டால், “திட்டித்தான்” என்பாள். ரஜனி உயர்தரம் வரை படித்து, ஹட்டனில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்து, பாலத்தடிச் சந்தியில் பைஸர் வைத்திருந்த கொமினிகேஷன் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். போன் பேசலாம், போட்டோக்கொப்பி எடுக்கலாம், இரண்டு கம்ப்யூட்டரில் ஈமெயில் பார்க்கலாம். சிவனொளிபாத மலைக்கு ஆட்கள் ஏறுகிற சீசனில் வெள்ளைக்காரர்கள் வந்து குந்துவார்கள். சீசன் முடிந்தால் அட்டை கடிக்கக்கூட ஆள் வராது.

அப்படி ஒரு சீசனில்தான், இரண்டாயிரத்து ஆறில், பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் ரஜனிக்குக் கம்ப்யூட்டரில் ஒரு புது வேலையைச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனாள். ரஜனி அதை வீட்டில் வந்து சொன்னாள்.

“மெஷின் சும்மா நிக்கிற நேரத்துல வேலை செய்யும்மா. வானத்துல இருந்து வர்ற சத்தத்தை எல்லாம் வெளிநாட்டுல பெரிய தட்டு வச்சுப் புடிச்சு வச்சிருக்காங்க. அதைத் துண்டு துண்டா வெட்டி ஊருலகத்துல உள்ள மெஷினுக்கெல்லாம் அனுப்புறாங்க. நம்ம மெஷின் ஒரு துண்டை வாங்கி, உள்ள ஏதாச்சும் இருக்கான்னு தேடிட்டுத் திருப்பி அனுப்பும்.”

“என்னத்தைத் தேடுது?”

“வேற எங்கயாச்சும் ஆளுக இருக்காங்களா, பேசுறாங்களான்னு.”

“இங்க இருக்க ஆளுக பேசுறதையே ஒரு பய கேக்க மாட்டேங்கிறான். சரி, கூலி எவ்வளவு?”

“கூலி இல்லம்மா. வேலைக்குத் தக்கன புள்ளி குடுப்பாங்க. கிரெடிட்னு சொல்றது.”

“அதை வச்சு என்னா வாங்கலாம்?”

“ஒண்ணும் வாங்க ஏலாது.”

“அப்ப அது பேரு,” என்றாள் நாகலெட்சுமி. “காசில்லாத பேரு. யாரு நிறுக்கிறது?”

ரஜனி சிரித்துவிட்டாள். கடைக்கு வந்த படித்த ஆட்கள் பத்துப் பேரிடம் இதைச் சொல்லியிருந்தாள். ஒருவருக்கும் இந்தக் கேள்வி வரவில்லை.

“அதுதான்மா விசயம். ஒரே துண்டை மூணு வீட்டு மெஷினுக்கு அனுப்புறாங்க. ஒருத்தருக்கு மத்தவரத் தெரியாது. மூணு பேரும் தனித்தனியா முடிச்சு, எனக்கு இத்தனை புள்ளி வரணும்னு கேட்டு அனுப்பணும். மொதல்ல பதில் ஒத்துப் போகுதான்னு பாப்பாங்க. ரெண்டு பேரோடதாவது ஒத்துப் போனாத்தான் புள்ளி. ஒத்துப் போகாத ஆளுக்கு சைபர்.”

“ரெண்டு பேரு ரெண்டு விதமாச் சொன்னா?”

“மூணாவது ஆளோடது வர்ற வரைக்கும் தொங்கிக்கிட்டு நிக்கும். குறிச்ச நாளுக்குள்ள அனுப்பாட்டி அதுக்கும் சைபர்.”

“கேட்ட புள்ளியை அப்பிடியே குடுத்துருவானுகளா?”

“மாட்டாங்க. கூடக் கேட்டதையும் கொறைச்சுக் கேட்டதையும் தள்ளிட்டு, நடுவுல உள்ளதை எல்லாருக்கும் ஒரே மாதிரிப் போடுவாங்க. இல்லாட்டி சில பேரு மெஷினைத் திருத்தி நூறு மடங்கு கேட்டுருவாங்களாம்.”

நாகலெட்சுமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “காசில்லாத பேருக்குமா களவு? வெள்ளைக்காரன் ஊருலயும் பொன்னையாக்கள் இருக்கானுங்க பாரு.” சிரித்து முடித்துவிட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். “ஆனா மூணு தராசு. எங்க பாட்டன் காலத்துல இருந்து இங்க ஒத்தத் தராசுதான்.”

“பேரு குடுக்கணும்மா. என் பேரப் போடவா?”

இந்த இடத்தில்தான் நாகலெட்சுமி வினையை விலைக்கு வாங்கினாள்.

“பொட்டப் புள்ள பேரு ஊருலகத்துப் பேரேட்டுல எதுக்கு? அப்பா பேரப் போடு. அந்த மனுசன் அரைப் பேரா வாங்கியே செத்தாரு. இதுலயாவது முழுப் பேரு விழட்டும்.”

அழகுமுத்து என்று ரஜனி இங்கிலீஷில் எழுதினாள். அன்றிலிருந்து செத்துப் பதின்மூன்று வருஷமான மனிதர் பைஸர் கடையில் காலை எட்டு மணிக்கு வேலைக்கு இறங்கி ஆறு மணிக்கு ஏறினார். ஆள் இல்லாத நாட்களில் இரண்டு மெஷினும் அவருக்காகவே உழைத்தன. “இன்னைக்கு அப்பாவுக்கு எத்தனை?” என்று தினமும் கேட்பாள் நாகலெட்சுமி. முப்பது, நாற்பது என்று பதில் வரும். “மூணு துண்டு தொங்கிக்கிட்டு நிக்குதும்மா” என்று சில நாள் வரும். “எவன்டா அந்த மூணாவது ஆளு, தூங்குறானா” என்று அவள் ஏசுவாள். ஒரு வருஷத்தில் பதினோராயிரத்துச் சொச்சம் சேர்ந்தது. இன்னார் இவ்வளவு வேலை செய்தார் என்று பேரும் புள்ளியும் போட்டு அவர்களே ஒரு தாள் கொடுப்பார்கள், அச்சடித்துக்கொள்ளலாம். ரஜனி இரண்டு அடித்தாள். ஒன்றைக் கடையில் மெஷினுக்கு மேலே ஒட்டினாள். மற்றதை நாகலெட்சுமி காகிதப்பூ மாலை போட்ட அழகுமுத்துவின் படத்துக்குக் கீழே குண்டூசியால் குத்தி வைத்தாள்.

அடுத்த வருஷம் காலம் கெட்டுப்போய்க் கிடந்தது. வடக்கில் சண்டை. சந்தியில் மணல் மூட்டை அடுக்கினார்கள். பஸ்ஸை நிறுத்தி, இறக்கி, அடையாள அட்டையைப் பார்த்தார்கள். தமிழ்ப் பேர் என்றால் இரண்டு தடவை பார்த்தார்கள். கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் வேலை செய்த மேல்லயத்துப் பையனைப் பிடித்துக்கொண்டு போய் நாலு மாதமாகியும் தகவல் இல்லை. அவன் தாய் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்கு வருவாள், கொழுந்து எடுப்பாள், யாரோடும் பேசமாட்டாள். நாகலெட்சுமி அவளுடைய நிரைக்குப் பக்கத்து நிரையில் நிற்க மாட்டேன் என்று கங்காணியிடம் சொல்லி இடம் மாற்றிக்கொண்டாள். இரக்கம் இல்லாமல் அல்ல. பயம்.

ஆவணி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. பகல் நிறுவைக்கு எல்லாரும் மடுவத்தில் நிற்கும்போது ஜீப் வந்தது. அவளுக்கு முன்னால் நாலு பேர் இருந்தார்கள். பொலிஸ் சார்ஜன்ட் இறங்கினான். கையில் ஒரு தாள். கடையில் ஒட்டியிருந்த தாள். எழுத்துத் தெரியாவிட்டாலும் நீலக் கரையும் மேலே இருந்த வட்டப் படமும் அவளுக்குத் தெரியும், ஒவ்வொரு நாளும் விளக்கு வைக்கும்போது பார்க்கிற தாள் அது.

“அழகுமுத்து வீட்டு ஆள் யார்?” என்று சிங்களத்தில் கேட்டான்.

அறுபது தலையும் அவள் பக்கம் திரும்பியது. அவள் கையைத் தூக்கினாள்.

“எங்கே அவன்?”

செத்தவர் பேர். அவள் தலைக்குள் அது ஒன்றுதான் ஓடியது. செத்தவர் பேரை எழுதியிருக்கிறது. எழுதியது பிள்ளை. எழுதச் சொன்னது நான். லயத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு கை வந்தது. அது பொன்னையாவின் கையாக இல்லை, வளையல் போட்ட கையாக இருந்தது.

“கொழும்புல மாத்தயா,” என்றாள். “கடையில வேலை.”

“எந்தக் கடை?”

“தெரியாது மாத்தயா.”

“எப்போது போனான்?”

“போன மாசம்.”

சார்ஜன்ட் எழுதிக்கொண்டான். மடுவத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அழகுமுத்து செத்தது தெரியும். பாதிப் பேர் அவர் குழியில் மண் போட்டவர்கள். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. ஜீப் நிற்கிற இடத்தில் அடுத்தவள் சொன்ன பேச்சைத் திருத்துகிற ஆள் அந்த வருஷம் எந்தத் தோட்டத்திலும் இல்லை.

“மகள் ஸ்டேஷனில் இருக்கிறாள். வா,” என்று சொல்லிவிட்டு சார்ஜன்ட் ஏறிப் போய்விட்டான். அவளை ஏற்றிக்கொள்ளவில்லை.

கூடையை எங்கே போட்டாள் என்று அவளுக்குப் பிறகும் ஞாபகம் வரவில்லை. இடுப்பில் கட்டின படங்குச் சாக்கோடு ரோட்டுக்கு ஓடி, பஸ் பிடித்து, ஸ்டேஷன் வாசலில் இறங்கினாள். கேட்டுக்கு வெளியே பைஸர் தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு நின்றான்.

“காலையில செக்கிங்குக்கு வந்தாங்க அக்கா. அந்தப் பேப்பரக் கண்டுட்டாங்க. சிக்னல் என்டு இங்கிலீஷ்ல ஈக்குது, வெளிநாட்டுப் பேர் ஈக்குது, தமிழ் ஆம்புளப் பேர் ஈக்குது. எங்க அனுப்புற, என்ன அனுப்புற, புள்ளி என்டா என்ன, ஆரு காசு தாற என்டு கேட்டாங்க. நான் சொன்ன ஒண்டும் அவங்களுக்கு வெளங்கல்ல. மெஷினையும் கொண்டு வந்துட்டாங்க, புள்ளையையும் கொண்டு வந்துட்டாங்க. பயப்பட வாணாம். ரஜனி நேராச் சொல்லிட்டா, அது மவுத்தாப் போன எங்க அப்பாட பேர் என்டு.”

நாகலெட்சுமி அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள்.

“நான் கொழும்புல இருக்காருன்னு சொல்லிப்புட்டேன் தம்பி.”

பைஸர் அவள் பக்கத்தில் குந்தினான். “ஏன் அக்கா அப்பிடிச் சொன்ன நீங்க?”

“செத்தவரு பேர எழுதுனா என்னா செய்வாங்கன்னு நான் பாத்திருக்கேன்.”

உள்ளே கூப்பிட்டார்கள். இன்ஸ்பெக்டர் நரைத்த ஆள். அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவளுக்குத் திருப்பிப் பேச வாய் வந்திருக்கும். அவர் மெதுவாகத்தான் பேசினார். ரஜனியை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை. நடைக்கு அப்பால் ஒரு கதவு சாத்தியிருந்தது. கதவடியில் ரஜனியின் செருப்பு ஒன்று மட்டும் கிடந்தது.

“அவன் செத்துவிட்டான் என்கிறாள் மகள். நீ கொழும்பில் இருக்கிறான் என்கிறாய்,” என்றார் இன்ஸ்பெக்டர். “கடை மெஷினில் நேற்று வரைக்கும் வேலை செய்திருக்கிறான். எது பொய்?”

“நான் சொன்னதுதான் மாத்தயா பொய்.”

“மகள் சொன்னதைக் கேட்டுவிட்டு மாற்றுகிறாய்.”

அவர் சொன்னது நியாயம்தான் என்று அவளுக்கே பட்டது. மரணப் பத்திரம் எங்கே என்று கேட்டார். சேமலாபப் பணம் எடுக்கத் தொண்ணூற்று மூன்றில் கொடுத்தது, திரும்பி வரவில்லை. அவர் தோட்டத்து ஒபிஸுக்கு போன் பண்ணினார். பழைய செக்றோல் எல்லாம் கம்பெனி மாறினபோது போய்விட்டது என்றார் பெரிய கிளாக்கர். அப்போது கீழ்ப்பிரிவுச் செக்றோலில் பேர் எழுதி வெட்டியது யார் என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். பதிலை ஒரு தாளில் எழுதிக்கொண்டு அவளைப் பார்த்தார்.

“பொன்னையா. கினிகத்தேனையில் இருக்கிறான். நாளைக் காலையில் கூட்டி வருவோம். அவன் சொல்லட்டும். அதுவரைக்கும் மகள் இங்கே. அவன் பேச்சும் ஒத்து வராவிட்டால் மத்தியான ஜீப்பில் கொழும்புக்கு அனுப்புவேன்.”

வெளியே வந்து இதைச் சொன்னதும் பைஸர் தன் வேனுக்கு ஓடினான். “ஏறுங்க அக்கா. இப்பவே போய் அவர்ட ஒரு வார்த்தை சொல்லி வெப்போம். கால்ல உழுந்தாவது சொல்லி வெப்போம். நீங்க அவர்ட வேலையத் தொலைச்ச ஆள், அவர் இந்த நேரம் பழி வாங்கினா புள்ள போச்சு.”

அவள் ஏறினாள். வேன் இறக்கத்தில் இரண்டு வளைவு போயிற்று. மூன்றாவது வளைவில், “நிப்பாட்டுங்க தம்பி” என்றாள்.

“என்ன அக்கா?”

“அந்தாளுகிட்டப் போகக் கூடாது.”

“வெக்கப்படுற நேரமா இது?”

“வெக்கம் என்னா வெக்கம், கால்ல விழுந்துருவேன். அது இல்ல. மூணாவது ஆளு மத்த ரெண்டு பேருகிட்டயும் கேட்டுட்டுச் சொல்லக் கூடாது. எம்புள்ள எனக்குச் சொல்லியிருக்கா. கேட்டுட்டுச் சொன்னா அந்த நிறுவை செல்லாது. நாம போனத ஒருத்தன் பாத்துச் சொன்னாப் போதும், அவரு சொல்றதும் பொய்யாப் போயிரும்.”

“பொன்னையா பொய் சொன்னா?”

அவள் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொன்னையா பொய் சொல்லக்கூடிய ஆள். அதை அறுபது பேர் முன்னால் சொன்னவளே அவள்தான். “அழகுமுத்தா, எனக்குத் தெரியாதே” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பதின்மூன்று வருஷக் கணக்கு முடிந்துவிடும்.

“வேனைத் திருப்புங்க தம்பி,” என்றாள்.

காலை எட்டு மணிக்கு அவள் மறுபடியும் கேட்டில் நின்றாள். ஒன்பதரைக்கு ஒரு பொலிஸ்காரனோடு பொன்னையா பஸ்ஸிலிருந்து இறங்கினார். தலை முழுக்க வெளுத்து, ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தார். படி ஏறும்போது சுவரைப் பிடித்தார். அவளைத் தாண்டித்தான் போக வேண்டும். பார்த்தார். பார்க்காத மாதிரிப் போய்விட்டார்.

அவள் ஜன்னலுக்குக் கீழே போய் நின்றாள். விரட்டுவார்கள் என்று நினைத்தாள், விரட்டவில்லை. உள்ளே நாற்காலி இழுபட்டது. இன்ஸ்பெக்டர் தாளைக் காட்டவில்லை, மகளைப் பற்றியோ கொழும்பைப் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை. அழகுமுத்து என்று ஒருவன் கீழ்ப்பிரிவில் இருந்தானா, அவன் எங்கே என்று மட்டும் கேட்டார்.

பொன்னையா இருமினார். அந்த நேரத்துக்குள் நாகலெட்சுமி மத்தியான ஜீப்பைப் பார்த்துவிட்டாள். அதில் ரஜனி ஏறுவதைப் பார்த்துவிட்டாள். தேயிலை மலையில் யாரும் தன் பக்கத்து நிரையில் நிற்க மாட்டார்கள் என்பதையும் பார்த்துவிட்டாள்.

“கவ்வாத்துக்காரன்,” என்றார் பொன்னையா சிங்களத்தில். “செத்துட்டான். தொண்ணூற்று மூணு, தைப் பொங்கல் கழிஞ்சு மூணாம் நாள். பெட்டிக்குத் தோட்டத்துப் பலகை குடுத்தது நான். பேர வெட்டினதும் நான்.”

“அன்றைக்கே வெட்டினாயா? செத்தவர்கள் பேரை வெட்டாமல் வைத்திருந்துதானே உனக்கு வேலை போனது என்று ஒபிஸில் சொன்னார்கள்.”

“வேற ஆளுக பேர வச்சிருந்தேன். அதுக்குத்தான் இந்தக் கால் இப்படிக் கிடக்கு,” என்றார் பொன்னையா. “அழகுமுத்து பேர மட்டும் அன்னைக்கே வெட்டினேன். அவன் பொண்டாட்டி வாய்க்குப் பயந்து.”

உள்ளே யாரோ சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர்தான் என்று நினைத்தாள். நாகலெட்சுமிக்குச் சிரிப்பு வரவில்லை. ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பதினொரு மணிக்கு ரஜனியை விட்டார்கள். அடிக்கவில்லை என்றாள். ஒரு காலில் மட்டும் செருப்பு இருந்தது. மற்றதைக் கேட்டு வாங்கிக்கொள்ள அவள் திரும்பிப் போகவில்லை.

பொன்னையா பஸ் நிறுத்தத்தில் நின்றார். நாகலெட்சுமி அவர் காலில் விழ வேண்டும் என்றுதான் போனாள். முழங்கால் மடங்கவில்லை.

“கணக்கப்புள்ள ஐயா,” என்றாள்.

“இன்னும் கொழுந்து எடுக்கிறியா?”

“எடுக்கிறேன்.”

“எத்தனை கிலோ வருது?”

“இருவத்தொண்ணு எடுத்தா பதினெட்டு எழுதுறாங்க.”

“தண்ணிக் கழிவு,” என்று சொல்லிவிட்டு அவர் கினிகத்தேனை பஸ்ஸில் ஏறிக்கொண்டார்.

திரும்பிப் போகும்போது ரஜனி ஒரு கையைத் தாயின் மடியில் போட்டிருந்தாள். தோட்டத்து ரோட்டு முடக்கு வந்ததும் சொன்னாள்.

“மூணுல ரெண்டு ஒத்துப் போச்சும்மா. உங்களுக்கு சைபர்.”

“குடு,” என்றாள் நாகலெட்சுமி. “வாங்கிக்கிறேன்.”

மெஷின் பன்னிரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தது. அதற்குள் கிடந்த துண்டுக்கு நாள் கடந்துவிட்டது, புள்ளி இல்லை. பைஸர் அந்த வேலையையே மெஷினில் இருந்து எடுத்துவிட்டான். நாகலெட்சுமி படத்துக்குக் கீழே குத்தியிருந்த தாளைப் பிடுங்கி அடுப்பில் வைத்தாள். அது எரிந்து முடியும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அங்க உள்ள பேரயும் வெட்டச் சொல்லு” என்றாள்.

“வேலைய நிப்பாட்டலாம்மா. வாங்குன புள்ளி அழியாது. அப்பா பேரு அங்க அப்படியேதான் இருக்கும்.”

“யாரு வேணும்னாலும் பாக்கலாமா?”

“பாக்கலாம்.”

ஒரு வருஷத்துக்கு முன்னால் இதைக் கேட்டிருந்தால் அவள் லயம் முழுக்கச் சொல்லித் திரிந்திருப்பாள். இப்போது எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். எங்கோ ஒரு பேரேட்டில் அழகுமுத்து சாகாமல் நிற்கிறார். இன்றைக்கு இந்த இன்ஸ்பெக்டர் விட்டார். நாளைக்கு வேறு ஒருவர் வருவார், அவருக்குப் பொன்னையாவைத் தெரியாது. பொன்னையாவும் எத்தனை நாளைக்கு இருப்பார்.

நாலு நாள் பேரை விட்டுவிட்டு அவள் பிறப்பு இறப்புப் பதிவுக் கந்தோருக்குப் போனாள். நாலு தடவை நடந்து அழகுமுத்துவின் மரணப் பத்திரத்துக்குப் பிரதி எடுத்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக யாரையும் ஏசாமல் வரிசையில் நின்றாள். மடித்து வைத்தால் கிழியும், மழையில் நனையும் என்று நேரே பைஸர் கடைக்கு வந்து, உள்ளே இருப்பது வெளியே தெரிகிற மாதிரி, பொத்தான் வைத்த பிளாஸ்டிக் கவர் ஒன்று கேட்டாள். பைஸர் காசு வேண்டாம் என்றான். அவள் மேசையில் வைத்துவிட்டுத்தான் கவரை எடுத்தாள்.

அதற்குப் பிறகு பெரட்டுக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் அது அவள் இரவிக்கைக்குள் இருந்தது. கொழுந்து எடுக்கும்போது ரோட்டில் ஏதாவது வண்டி சத்தம் கேட்டால் கை தன்பாட்டில் நெஞ்சுக்குப் போய்த் தொட்டுப் பார்க்கும். சண்டை முடிந்தது. மணல் மூட்டைகளை எடுத்தார்கள். கை போவது நிற்கவில்லை. வியர்வையில் ஓரம் மஞ்சளாகிவிட்ட அந்தக் கவரின் விலை பதினெட்டு ரூபாய்.